அரசனுக்கும் மேலானது சட்டம்: பேராயர் ஸ்ரீபன் லாங்ரனின் வாழ்க்கை

வீட்டிலே வேதாகமத்தைத் திறந்து மலைப்பிரசங்கத்தைத் தேடும்போது மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தைப் புரட்டுகிறீர்கள். மத்தேயு தமது நூலை அதிகாரங்களாக வகுத்து எழுதவில்லை. இன்று உலகெங்கும் வழங்கும் அதிகாரப் பிரிவுகள், பாரிஸ் நகரிலே வேதாகமம் கற்பித்த ஓர் ஆங்கிலேயக் குருவானவரின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. பெந்தேகொஸ்தே திருநாளன்று பரிசுத்த ஆவியானவரை வரவேற்றுப் பாடும் புகழ்பெற்ற இலத்தீன் கீதமும் அவர் இயற்றியதே என்று அறிஞர் பலர் கருதுவர். வேறு சிலர் அதனை வேறொருவருக்கு உரியதாகச் சொல்வர். அந்த வேறொருவர் யாரென்பதைப் பின்னர் காண்போம்.

அந்தக் குருவானவரின் பெயர் ஸ்ரீபன் லாங்ரன். அதிகாரங்களை வகுத்ததற்காக மட்டும் உலகம் அவரை நினைப்பதில்லை. ஆளுபவனின் அதிகாரத்துக்கும் எல்லை வகுக்கலாம், அந்த எல்லையை எழுத்திலே பொறிக்கலாம் என்று காட்டிய 1215ஆம் ஆண்டின் மகா பட்டயத்தோடு, அதாவது மக்னா கார்ட்டாவோடு, அவருடைய வாழ்வு பின்னிப் பிணைந்துள்ளது. அதற்காக அவர் கொடுத்த விலை சிறிதன்று.

பாரிஸ் நகரத்து ஆசிரியர்

இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள லாங்ரன் என்னும் சிற்றூரிலே, ஏறத்தாழ 1150ஆம் ஆண்டளவில் ஸ்ரீபன் பிறந்தார். அவர் இளைஞராயிருந்த 1170ஆம் ஆண்டின் இறுதியிலே, கன்ரபரிப் பேராயர் தோமஸ் பெக்கற் தமது பேராலயத்துக்குள்ளேயே இரண்டாம் ஹென்றி மன்னனின் வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். கிறிஸ்தவ உலகமே அதைக் கேட்டு நடுங்கியது. அதே பேராயர் ஆசனம் ஒருநாள் தமக்கு வரும் என்று ஸ்ரீபன் அப்போது கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

அவர் பாரிசுக்குச் சென்று முதலில் மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் நீண்ட காலம் வாழ்ந்தார். வேதாகமத்தின் பெரும்பகுதிக்கு அவர் விளக்கவுரை சொன்னார். அதே பாரிசிலே கல்வி பயின்ற இத்தாலியப் பிரபு குலத்தவரான லொத்தாரியோ என்பவர், 1198ஆம் ஆண்டிலே மூன்றாம் இன்னசென்ற் என்னும் பெயருடன் பாப்பரசரானார். லாங்ரனின் புலமையை அவர் நன்கறிவார்.

லாங்ரன் தமது மாணவருக்குக் கற்பித்தவற்றுள் ஒன்றை நாம் இங்கே கவனிக்க வேண்டும். உபாகமத்தின் 17ஆம் அதிகாரம் அரசனைப் பற்றிப் பேசுகிறது. அவன் குதிரைகளையும் பொன்னையும் அளவின்றிச் சேர்க்கலாகாது. சிங்காசனத்தில் அமர்ந்ததும் கடவுளின் சட்டத்தைப் பிரதிசெய்து, வாழ்நாள் முழுவதும் அதை வாசிக்க வேண்டும். தன் சகோதரருக்கு மேலாகத் தன்னை உயர்த்தலாகாது. ஆகவே அரசன் சட்டத்தைக் கற்று அதன்படி நடக்க வேண்டியவனேயன்றி, அதற்கு மேற்பட்டவன் அல்லன் என்பது லாங்ரனின் போதனை.

அவர் இன்னொரு கேள்வியையும் எடுத்து ஆராய்ந்தார். ஓர் அரசன் ஒருவனை அநியாயமாகத் தண்டிக்கப் புறப்பட்டால், குடிமக்கள் அவனுக்குத் துணைபோக வேண்டுமா? நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பளித்திருந்தால், அந்தத் தீர்ப்பை ஆளுக்கொரு விதமாக எடைபோடுவது குடிமக்களின் வேலையன்று என்றார். தீர்ப்பு எதுவுமின்றித் தன் மனம்போனபடி அரசன் புறப்பட்டானாயின், அவனுக்குக் கீழ்ப்படியும் கடமை அவர்களுக்கு இல்லை என்றார். வகுப்பறையிலே சொல்வதற்கு இது எளிது. விசாரணையும் தீர்ப்பும் இன்றித் தண்டனை இல்லை என்ற அந்த ஒரே கொள்கை, பின்னர் அவருடைய வாழ்வில் மூன்று முறை அவரைப் பரீட்சித்தது.

மணி ஒலிக்காத ஆறு ஆண்டுகள்

1205ஆம் ஆண்டிலே கன்ரபரிப் பேராயர் காலமானார். அவருக்குப் பின் யார் என்பதில் துறவிகளுக்கும் ஜோன் மன்னனுக்கும் இடையே பிணக்கு மூண்டது. துறவிகள் தம்முள் ஒருவரை இரகசியமாகத் தெரிந்தனர். மன்னனோ தன் விருப்பத்துக்குரிய நோர்விச் ஆயரைத் தெரியச் செய்தான். வழக்கு உரோமாபுரிக்குப் போயிற்று. பாப்பரசர் இரண்டு தெரிவுகளையும் தள்ளிவிட்டார். அங்கே வந்திருந்த துறவிகள், அவ்வாண்டே கர்தினாலாக்கப்பட்டிருந்த லாங்ரனை 1206ஆம் ஆண்டு டிசம்பரில் தெரிந்தெடுத்தனர். 1207 யூன் 17ஆம் திகதி இத்தாலியின் வித்தெர்போ நகரிலே பாப்பரசரே அவரை அபிஷேகம் செய்தார்.

ஜோன் மன்னன் சீறி எழுந்தான். கன்ரபரித் துறவிகளை நாட்டைவிட்டே துரத்தினான். பேராயரின் நிலங்களைப் பறித்துக்கொண்டான். புதிய பேராயர் இங்கிலாந்து மண்ணை மிதிக்கக்கூடாது என்றான். லாங்ரன் பிரான்சிலே பொன்ரிஞி துறவி மடத்தில் தங்கினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோமஸ் பெக்கற் அடைக்கலம் புகுந்ததும் அதே மடத்தில்தான்.

1208ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாப்பரசரின் வழிபாட்டுத் தடை இங்கிலாந்தின் மீது விழுந்தது. அதன் கொடுமையை நீங்கள் சற்றே எண்ணிப் பாருங்கள். கோவில் மணி ஒலிக்கவில்லை. மக்களுக்குப் பூசையில்லை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானமும் மரிப்போருக்குப் பாவசங்கீர்த்தனமும் மட்டுமே விடப்பட்டன. இறந்தவர்களை மந்திரிக்கப்பட்ட சேமக்காலையில் அடக்கஞ்செய்ய முடியாமல், வயலோரத்திலும் வழியோரத்திலும் புதைத்தனர். ஆறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நிலை நீடித்தது. 1209இல் மன்னனும் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டான். அவனோ கலங்காமல், குருக்களின் வருமானத்தையெல்லாம் தன் பெட்டகத்தில் சேர்த்துக்கொண்டான்.

கோவிலுக்கு வெளியே அவனுடைய ஆட்சி எப்படியிருந்தது? அவன் உழைப்பாளி, வழக்குகளை நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்தவன். ஆனால் அவன் கையில் நீதி ஒரு விற்பனைப் பொருளாயிற்று. வழக்கை விரைவுபடுத்த ஒரு விலை, தாமதப்படுத்த ஒரு விலை. கணவனை இழந்த பிரபு குலப் பெண்கள், மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தப்படாதிருக்க மன்னனுக்குப் பணங் கட்டினர். பிரான்சில் தான் இழந்த நிலங்களை மீட்கப் போர்வரியை அடிக்கடி விதித்தான். கடன்பட்ட பிரபுக்களிடம் பிள்ளைகளைப் பணயமாகக் கேட்டான். வில்லியம் டி புறோஸ் என்ற பிரபு அவனுடைய பகைக்கு ஆளானபோது, அந்தப் பிரபுவின் மனைவியும் மூத்த மகனும் 1210ஆம் ஆண்டில் அரச சிறையிலே பட்டினியால் மாண்டனர். எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு மரணதண்டனை விதிக்கவில்லை.

நொட்டிங்காம் வழியிலே

1213இல் பிரெஞ்சு மன்னன் படையெடுக்க ஆயத்தமானபோது ஜோன் பணிந்தான். லாங்ரனைப் பேராயராக ஏற்க இணங்கினான். தன் இராச்சியத்தையே பாப்பரசருக்கு ஒப்புவித்து, அவருடைய குடியாக ஆண்டுக்கு 1000 மார்க் செலுத்தவும் இணங்கினான். யூலை 20ஆம் திகதி வின்செஸ்ரர் நகரிலே லாங்ரன் அவனைத் திருச்சபையில் மீண்டும் சேர்த்துக்கொண்டார். அப்போது மன்னன் ஒரு சத்தியம் செய்தான். முன்னோரின் நல்ல சட்டங்களைத் திரும்ப நிலைநாட்டுவதாகவும், எவரையும் நீதிமன்றத் தீர்ப்பின்படியே நடத்துவதாகவும் அதில் உறுதி சொன்னதாக அக்கால வரலாற்றெழுத்தர் கூறுவர்.

சத்தியத்தின் ஈரம் காயவில்லை. கடல்கடந்த போருக்கு வர மறுத்த வடபகுதிப் பிரபுக்களைத் தண்டிக்க மன்னன் படையோடு புறப்பட்டான். லாங்ரன் அவன் பின்னாலேயே விரைந்தார். நோர்தம்ரனில் அவனைச் சந்தித்து, தீர்ப்பின்றி எவர்மீதும் போர்தொடுப்பது அவன் செய்த சத்தியத்துக்கு விரோதம் என்று எடுத்துரைத்தார். இராச்சிய விடயத்தில் குருவானவருக்கு என்ன வேலை என்று மன்னன் சினந்து, மறுநாள் விடியுமுன்பே நொட்டிங்காம் நோக்கிப் போய்விட்டான். பேராயர் விடவில்லை. நொட்டிங்காம் வரை தொடர்ந்து சென்று, விசாரணைக்கு முன்னர் ஆயுதம் தூக்கும் ஒவ்வொருவரையும் திருச்சபைக்குப் புறம்பாக்குவேன் என்று எச்சரித்தார். மன்னன் ஒருவனை மட்டும் அவர் விலக்கி வைத்தார். மன்னன் தனித்து நின்றால் அவனுக்குப் போர்செய்ய எவருமில்லை என்பதை அவர் அறிவார். ஜோன் இறங்கிவந்து, பிரபுக்களுக்கு விசாரணைத் திகதி குறித்தான். இது முதலாவது பரீட்சை.

ரணிமீட் புல்வெளி

1214ஆம் ஆண்டு யூலையில் பூவீன் என்ற இடத்திலே ஜோனின் நேச நாட்டுப் படைகள் பிரெஞ்சு மன்னனிடம் படுதோல்வியுற்றன. வெறுங்கையோடு திரும்பிய மன்னனிடம் பிரபுக்கள், நூறாண்டுக்கு முன் முதலாம் ஹென்றி முடிசூடியபோது வழங்கிய உரிமைப் பட்டயத்தைக் காட்டி, அதனை உறுதிசெய்யும்படி கேட்டனர். அந்தப் பழைய பட்டயத்தை 1213ஆம் ஆண்டிலே இலண்டன் புனித சின்னப்பர் பேராலயத்தில் அவர்களுக்கு எடுத்துக் காட்டியவர் லாங்ரனே என்று ஒரு வரலாற்றெழுத்தர் பின்னாளில் எழுதினார். அந்தச் செய்தியை ஐயுறும் அறிஞரும் உளர். ஆயினும் முன்னோர் சட்டத்தைப் பற்றிப் பேசியவர்களுள் அவர் முன்நின்றவர் என்பதில் ஐயமில்லை.

1215ஆம் ஆண்டு மே மாதம் பிரபுக்கள் மன்னனுக்குத் தாம் செய்த விசுவாசப் பிரமாணத்தைத் துறந்தனர். 17ஆம் திகதி இலண்டன் நகரம் அவர்களுக்குத் தன் வாயிலைத் திறந்தது. லாங்ரன் கிளர்ச்சியில் சேரவில்லை. மன்னனின் கையாளாகவும் மாறவில்லை. இரு தரப்புக்கும் இடையே தூது நடந்தார். யூன் 15ஆம் திகதி, வின்ட்சர் கோட்டைக்கும் ஸ்ரேன்ஸ் ஊருக்கும் இடையே தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ரணிமீட் புல்வெளியிலே பட்டயம் முடிவாயிற்று. மன்னனுக்கு ஆலோசனை கூறியோரின் பட்டியலிலே முதலாவதாக லாங்ரனின் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது.

பின்வந்தோர் அந்தப் பட்டயத்தை 63 பிரிவுகளாக எண்ணினர். பெரும்பாலானவை நிலம், வாரிசுரிமை, கடன், மீன்பிடித் தடைகள், அளவைகள் பற்றியவை. மனிதரின் அன்றாட வாழ்விலே அதிகாரம் எங்கெங்கே கைவைக்கிறது என்பதை அறிந்தவர்கள் எழுதிய ஆவணம் அது. அரச அதிகாரிகள் உடனே பணங் கொடாமல் எவருடைய தானியத்தையும் எடுக்கலாகாது. அபராதம் குற்றத்தின் அளவுக்கு மிஞ்சலாகாது. வணிகனின் சரக்கையும் உழவனின் ஏர்க்கருவியையும் அது பறித்துவிடலாகாது. கைம்பெண்ணை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தலாகாது. நம்பத்தகுந்த சாட்சியின்றித் தன் சொல்லை மட்டுங்கொண்டு அதிகாரி எவரையும் வழக்கில் நிறுத்தலாகாது. சட்டம் அறியாதவனை நீதிபதியாக நியமிக்கலாகாது. இவற்றோடு, திருச்சபை தன் காரியங்களில் சுதந்திரமாயிருக்கும் என்பது முதற் பிரிவு.

39ஆம், 40ஆம் பிரிவுகளே இன்றும் உலகம் நினைப்பவை. சுதந்திரனான எந்த மனிதனையும், அவனுக்குச் சமமானோரின் சட்டமுறையான தீர்ப்பினாலோ நாட்டின் சட்டத்தினாலோ அன்றி, பிடிக்கவோ சிறையிடவோ உடைமை பறிக்கவோ நாடு கடத்தவோ முடியாது என்பது முதலாவதன் கருத்து. நீதியை எவருக்கும் விற்பதில்லை, மறுப்பதில்லை, தாமதிப்பதில்லை என்பது அடுத்ததன் கருத்து. பாரிஸ் வகுப்பறையிலே பேசப்பட்ட கொள்கை இப்போது அரச முத்திரையின் கீழே வந்துவிட்டது.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி

ஆனால் பட்டயத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. மன்னன் வாக்குத் தவறினால் என்ன செய்வது? 61ஆம் பிரிவு 25 பிரபுக்களுக்கு அவனுடைய கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றும் உரிமையை வழங்கியது. அது சமாதானத்துக்கு வழியன்று. மறு போருக்கே வழி. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. ஜோன் உரோமாபுரிக்கு முறையிட்டான். பாப்பரசரோ தொலைவில் இருந்தார். தம்மிடம் இராச்சியத்தை ஒப்படைத்துச் சிலுவைப்போருக்கும் வாக்களித்த மன்னனை, கலகக்காரர் பலவந்தம் செய்ததாகவே அவர் கண்டார். 1215 ஓகஸ்ட் 24ஆம் திகதி, பயமுறுத்திப் பெற்றது என்று கூறிப் பட்டயத்தைச் செல்லாதென அறிவித்தார். பத்தே வாரங்களில் மக்னா கார்ட்டா இறந்துபோயிற்று.

அந்தச் செய்தி இங்கிலாந்துக்கு வந்து சேருமுன்பே, மன்னனை எதிர்த்த பிரபுக்களைத் திருச்சபைக்குப் புறம்பாக்கும்படி பேராயருக்கு வேறொரு கட்டளை வந்திருந்தது. இப்போது வாசகர்கள் லாங்ரனின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவரைப் பேராயராக்கியவர் பாப்பரசர். அவருக்காகவே ஒரு நாடு முழுவதும் ஆறு ஆண்டுகள் பூசையின்றி இருந்தது. கட்டளையை வாசித்துவிட்டால் அவருக்கு எந்தத் துன்பமும் இல்லை. ஆனால் உண்மை நிலை முழுவதும் பாப்பரசருக்கு அறிவிக்கப்படவில்லை என்று அவர் கருதினார். நேரிலே சென்று விளக்கும்வரை தண்டனையை அறிவிக்க முடியாதென்றார். விசாரியாமல் தண்டியாதே என்று அரசனுக்குச் சொன்னவர், திருச்சபையின் தண்டனைக்கும் அதே அளவுகோலை வைத்தார். இது இரண்டாவது பரீட்சை, முதலாவதைவிடக் கடினமானது.

பாப்பரசரின் பிரதிநிதிகள் அவரைப் பேராயர் பணியிலிருந்து இடைநிறுத்தினர். லாங்ரன் கலகம் செய்யவில்லை. திருச்சபையை விட்டு விலகவுமில்லை. உரோமாபுரிக்குப் பயணமானார். அங்கே நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் கூடிய 1215 நவம்பர் மாதத்திலேயே அவருடைய இடைநிறுத்தத்தைப் பாப்பரசர் உறுதிப்படுத்தினார். அடுத்த ஆண்டு தடை நீக்கப்பட்டபோதும், சமாதானம் ஏற்படும்வரை நாடு திரும்பலாகாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. மன்னன் அவரைத் துரோகி என்றான். பாப்பரசர் அவரைத் தவறு செய்தவர் என்றார். பிரபுக்களோ போர்க்களத்தில் நின்றனர்.

பெந்தேகொஸ்தே கீதத்தை இயற்றியவராகச் சிலர் சொல்லும் அந்த வேறொருவர் இந்த மூன்றாம் இன்னசென்ற் பாப்பரசரே. நண்பராயிருந்து பிரிந்த இருவரில் யார் அதனை எழுதினாலும், ஒளியையும் ஆறுதலையும் வேண்டும் அந்தப் பாடல் இருவருக்கும் அந்த ஆண்டிலே தேவையாயிருந்தது.

இறந்த பட்டயம் உயிர்த்தது

1216 யூலையில் பாப்பரசர் காலமானார். ஒக்டோபரில், உள்நாட்டுப் போரின் நடுவே ஜோன் மன்னனும் நியூவார்க்கிலே நோயால் இறந்தான். அவனுடைய மகன் மூன்றாம் ஹென்றிக்கு வயது 9. நாட்டின் பெரும்பகுதி எதிரியின் கையிலே. சிறுவனுக்காக ஆட்சியைப் பொறுப்பேற்ற முதிய வீரர் வில்லியம் மார்ஷலும், பாப்பரசரின் தூதர் கர்தினால் குவாலாவும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, நவம்பர் மாதத்திலே பட்டயத்தைத் திருத்தி மீண்டும் வெளியிட்டதுதான். மன்னனுக்கு முத்திரை இல்லாமையால் இருவரும் தமது முத்திரைகளையே இட்டனர். ஓராண்டுக்கு முன் உரோமாபுரி தள்ளிய பட்டயத்திலே உரோமாபுரித் தூதரின் முத்திரை பதிந்தது. 25 பிரபுக்களைப் பற்றிய பிரிவு நீக்கப்பட்டது. 1217இல் மறுபடியும் அது வெளியிடப்பட்டது.

1218இல் லாங்ரன் நாடு திரும்பினார். 1223ஆம் ஆண்டு ஜனவரியில், இளம் மன்னன் முன்னிலையில் பட்டயத்தை உறுதிப்படுத்தும்படி கேட்டார். பலவந்தத்தால் பெற்ற உரிமைகளை மன்னன் மதிக்க வேண்டியதில்லை என்று வில்லியம் புறூவர் என்ற அரச ஆலோசகர் மறுத்தார். மன்னன்மீது அன்புள்ளவன் நாட்டின் சமாதானத்தைக் குலைக்க மாட்டான் என்று பேராயர் அவரைக் கண்டித்தார். மன்னன் பேராயரின் பக்கம் நின்றான். இது மூன்றாவது பரீட்சை. பணியிழந்து, நாடிழந்து, முதுமையடைந்து திரும்பிய ஒருவர் அந்தப் பழைய தகராறை மறந்துவிட்டு அமைதியாய் இருந்திருக்கலாம். அவர் மறக்கவில்லை.

1225 பெப்ரவரி 11ஆம் திகதி பட்டயம் மீண்டும் வெளிவந்தது. இம்முறை மன்னன் தன் சொந்த விருப்பத்தோடு வழங்குவதாக அதில் எழுதப்பட்டது. அதற்கு ஈடாக, மக்கள் தமது அசையும் பொருளில் 15இல் ஒரு பங்கை வரியாகக் கொடுக்க இணங்கினர். பலவந்தம் என்ற வசைச்சொல் அத்தோடு ஒழிந்தது. பட்டயத்தை மீறும் எவரையும், மன்னனின் அதிகாரியாயினும் பிரபுவாயினும், திருச்சபைக்குப் புறம்பாக்குவதாக லாங்ரனும் ஆயர்களும் அறிவித்தனர். 1297இல் இங்கிலாந்தின் சட்டத் தொகுப்பில் ஏறியது இந்த வடிவமே. தீர்ப்பின்றிச் சிறையில்லை என்ற பிரிவு இன்றும் அங்கே நடைமுறையில் உள்ளது.

1228 யூலை 9ஆம் திகதி, சசெக்ஸ் பகுதியிலே ஸ்லிண்டன் என்ற இடத்தில் லாங்ரன் இறைவனடி சேர்ந்தார். கன்ரபரிப் பேராலயத்தில் அவருடைய கல்லறையை இன்றும் காணலாம்.

குறையும் சொல்ல வேண்டும்

நிறையை மட்டும் சொன்னால் அது வாழ்க்கை வரலாறாகாது. பட்டயத்தின் பாதுகாப்பு சுதந்திர மனிதனுக்கே உரியதாயிருந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் உழவர் பெருந்தொகையினர் பண்ணையடிமைகள். அவர்களுக்கு அதில் கிடைத்தது மிகச் சிறிது. 1222ஆம் ஆண்டு ஒக்ஸ்போட்டில் லாங்ரன் கூட்டிய சங்கம், யூதர்கள் தம்மை வேறுபடுத்தும் அடையாளத்தை உடையில் அணிய வேண்டுமென விதித்தது. யூத மதத்தைத் தழுவிய ஒரு தியாக்கோன் அங்கே குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு எரித்துக் கொல்லப்பட்டார். அரசனின் கைக்கு எல்லை வகுத்தவரின் கண்ணுக்கு, தம் காலத்து வெறுப்பின் எல்லை தெரியவில்லை. உரிமை எல்லோருக்கும் என்ற பாடத்தை உலகம் இன்னும் பல நூற்றாண்டுகள் கற்க வேண்டியிருந்தது.

1628ஆம் ஆண்டிலே எட்வேட் கோக் போன்ற சட்ட அறிஞர், வழக்கின்றி ஆட்களைச் சிறையிட்ட முதலாம் சார்ள்ஸ் மன்னனுக்கு எதிராக மகா பட்டயத்தையே தூக்கிப் பிடித்து உரிமை விண்ணப்பத்தை நிறைவேற்றினர். 1679இல் ஆட்கொணர்வுச் சட்டம் வந்தது. சிறைப்பட்டவனை நீதிமன்றத்தில் நிறுத்திக் காரணம் சொல் என்று சிறையதிகாரிக்குக் கட்டளையிடும் எழுத்தாணைக்கு அது வலுவூட்டியது.

அந்த எழுத்தாணை ஆங்கிலேய ஆட்சியோடு இலங்கைக்கும் வந்தது. 1937ஆம் ஆண்டிலே, மடுல்கலைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிறேஸ்கேடில் என்ற வெள்ளைக்கார இளைஞரை நாடு கடத்தும்படி தேசாதிபதி ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார். பொலிசார் அவரைப் பிடித்தனர். ஆட்கொணர்வு மனுவை விசாரித்த உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில், தேசாதிபதிக்கு அந்த அதிகாரம் இல்லையென்று தீர்த்து அவரை விடுவித்தது. தேசாதிபதியைத் தெரிந்தனுப்பியது பிரித்தானிய முடியே; அந்த முடியின் நீதிமன்றமே அவருடைய கையைப் பிடித்து நிறுத்தியது.

எமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, சட்டம் விதித்த முறைப்படியன்றி எவரையும் கைதுசெய்யலாகாது, காரணத்தை அவருக்கு அறிவிக்க வேண்டும், தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையின்றிச் சிறைத்தண்டனை கூடாது என்கிறது. அடுத்த ஆண்டே வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ, அமைச்சரின் கட்டளையின் பேரில் ஒருவரை வழக்கின்றி 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. ஒரே நாட்டின் ஏடுகளிலே எல்லையும் இருக்கும், எல்லையைத் தாண்டும் வழியும் இருக்கும். மகனைத் தேடித் தடுப்பு முகாம் வாசல்களில் நின்ற தாய்மார் பலரை எம் மக்கள் அறிவார்கள். ஆகவே இந்தப் பாடத்தை எவரும் எமக்கு விளக்கத் தேவையில்லை.

1965 டிசம்பர் 7ஆம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. மனிதரினதும் அவர்களுடைய அமைப்புக்களினதும் நியாயமான சுதந்திரம் நெருக்கப்படாதிருக்க, அரசாங்கத்தின் அதிகாரத்துக்குச் சட்டத்தால் எல்லை வகுக்க வேண்டுமென மக்கள் கேட்பதை அது தன் முதற் பகுதியிலேயே குறிப்பிட்டு, அந்த விருப்பம் உண்மைக்கும் நீதிக்கும் இசைந்தது என்று ஏற்றுக்கொண்டது. ரணிமீட்டிலே பட்டயம் எழுதப்பட்டு அப்போது சரியாக 750 ஆண்டுகள் ஆகியிருந்தன. லாங்ரனின் இடைநிறுத்தம் உறுதிப்படுத்தப்பட்டதும் அதே உரோமாபுரியில்தான்.

வாசகர்களே, எழுதிவைத்த உரிமை தானாக எவரையும் காப்பதில்லை. 1215இன் பட்டயம் பத்து வாரங்களில் இறந்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னர் அது நிலைபெற்றதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, தமக்கு இலாபமில்லாத இடத்திலும் ஒரே அளவுகோலைப் பிடித்து நின்ற ஒரு மனிதர். பகைவனுக்கு அநியாயம் நடக்கும்போது விசாரணை எங்கே என்று கேட்பவனே, தன் வீட்டுப் பிள்ளைக்கு அது நடக்கும்போதும் கேட்க உரிமையுள்ளவன். எமது பிள்ளைகளுக்கு வேதாகமத்தின் அதிகாரங்களைக் கற்பிக்கும்போது, அந்தக் கேள்வியையும் கேட்கக் கற்பிப்போமாக.